வைத்தியர் குடித்த நெய்

செங்காட்டு ஜமீனில் அருணகிரி வைத்தியர் காய்ச்சும் மூலிகை நெய்க்குத் தனி மவுசு. "தினம் ஒரு கரண்டி குடிக்கிறேன். உடம்பு பஞ்சு, கால் குதிரைக்கால்!" என்பார். சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிக்கொள்வார்.

ஒருநாள் ஜமீன்தாரிடம் புகார் வைத்தார். "பல்லக்குத் தூக்குகிறவர்கள் சுத்தச் சோம்பேறிகள். மலைக்கோயில் போவதற்குள் திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வைக்கிறார்கள்."

ஜமீன்தார் சீறினார். "பஞ்சைத் தூக்க நாலு பேராடா? இனிமேல் ரெண்டே பேர். பல்லக்கு தரையில் பட்டால் வேலை போச்சு!"

முன்தண்டு தூக்கும் வேலாண்டி கும்பிட்டான். "உத்தரவு எசமான். ஆனா குதிரைக்காலைப் பல்லக்குல மடக்கி வைக்கலாமா? இன்னைக்கு ஐயா முன்னால நடக்கட்டும். அவரு வேகத்துக்கு எங்களால வர முடியலைன்னா, நாங்க சோம்பேறிங்கதான்."

மறுத்தால் நெய்யின் மானம் போகும். வைத்தியர் நடந்தார். வேடிக்கை பார்க்க ஜமீன்தாரும் கூட வந்தார். முதல் திருப்பத்திலேயே வைத்தியர் மூச்சிரைத்துப் படியில் சாய்ந்துவிட்டார்.

ஜமீன்தாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்போ நெய்க்குப் பலனே இல்லையாடா?"

"ஏகப்பட்ட பலன் எசமான்! ஐயா குடிக்கக் குடிக்க, எங்க தோளெல்லாம் இரும்பாயிருச்சு!"