குஞ்சுகள் சொன்னது

கம்பிவலை மேல் போர்த்தியிருந்த துணியை உருவி எறிந்தார் தெய்வசிகாமணி. வளைத்து நிறுத்திய அந்த வலைக்கு அடியில், அவருடைய இடுப்புவலிக்கு வாங்கிய, கரண்டில் சூடாகும் ஹீட்டிங் பேட் கட்டியிருந்தது. அதன் கீழே ஒண்டியிருந்த கோழிக்குஞ்சுகள் சிதறி ஓடின.

“ஏம்மா அருக்காணி, பண்ணை உன்னுதா, என்னுதா? குஞ்சுகளுக்குச் சூடு காட்டற பல்பு எங்கே?”

“போன மாசம் கயிறு அறுந்து உமியில விழுந்து, மூலையே கருகிப்போச்சுங்களே. அதான் உங்க வீட்டம்மாகிட்டக் கேட்டு இதை வாங்கியாந்தேனுங்க. உங்க இடுப்பு இப்பத் தேவலைன்னாங்க.”

“இத்தனை வருசமாப் பல்புலதான் குஞ்சு வளர்க்கறேன். அது வேண்டாம்னு குஞ்சுகளே வந்து என்கிட்டச் சொல்லட்டும். இல்லேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே.”

“சொல்லுமுங்க. பக்கத்துல உக்காந்து கேளுங்க.”

அவரே கம்பிவலைக்குச் சற்றுத் தள்ளிப் பல்பைத் தாழக் கட்டி எரியவிட்டார். குஞ்சுகளைப் பிடித்து அதனடியில் விட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் துண்டால் கழுத்தைத் துடைத்தார். முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம். குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் கம்பிவலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

“ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?”

“ஒண்ணும் சொல்லலை.”

“நீங்க ஏனுங்க இவ்வளவு தூரம் வந்துட்டீங்க?”

“சூடு தாங்கலை.”

“அதையேதானுங்க அதுகளும் சொல்லுது.”

தெய்வசிகாமணி எழுந்து போய்ப் பல்பை அணைத்தார். திரும்பி வரும்போது, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கம்பிவலையின் மேல் போர்த்தினார்.