மூன்றாம் வளைவும் அறுபத்தெட்டுக் கிலோவும்

"எதை மொதல்ல மாத்தட்டும் அம்மிணி?" என்று கேட்டார் சென்னியப்பன்.

பர்ஹானா நிமிரவில்லை. வேறொருவரின் பைக்கிலிருந்து கழற்றிய முன் ஃபோர்க்கைத் தலைகீழாகப் பிடித்து எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தாள்.

கோவைக்கு வெளியே உள்ள பந்தயப் பாதையில், தகரக் கூரை போட்ட ஏழாவது கொட்டகை அவளுடையது. வயது முப்பத்தொன்று. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், பின்சக்கரத்தைத் தாங்கும் ஷாக், அவற்றுக்குள் இருக்கும் ஸ்பிரிங், இந்த மூன்றைத் தவிர வேறெதையும் தொட மாட்டாள். செயின் தளர்ந்துவிட்டது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் பக்கத்துக் கொட்டகையைக் கையால் காட்டுவாள்.

சென்னியப்பனுக்கு நாற்பத்தேழு. பல்லடத்தில் விசைத்தறி. பத்தொன்பது வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறார்.

குருவைப் பார்க்கப் போகிறவர்கள் பழம் வாங்கிப் போவார்கள். இவர் ஒரு பட்டியல் கொண்டுவந்திருந்தார்.

அதில் ஒன்பது சாமான்கள் இருந்தன. லேசான சக்கரம், ஹேண்டில் ஆடாமல் பிடிக்கும் டேம்பர், புது டயர் என்று வரிசையாக வாசித்தார். ஏற்கெனவே மாற்றியவை வேறு. சைலன்சர், பிரேக், கால் வைக்கும் கட்டை, முன்னும் பின்னும் ஸ்பிரிங். வண்டியில் கம்பெனி போட்டு அனுப்பியதில் மிஞ்சியிருந்தது பெட்ரோல் டேங்க் மட்டும்தான் என்று பாதையில் கேலி பேசுவார்கள்.

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் பர்ஹானா.

"மூணாவது வளைவுல முன்சக்கரம் நடுங்குது. ரெண்டு தடவ கீழ போட்டுருச்சு."

அது உண்மைதான். போன வருடம் மார்ச்சில் ஒருமுறை, ஜூலையில் ஒருமுறை. இரண்டு முறையும் பிரேக் பிடித்து வண்டியைச் சாய்க்கும் அதே இடம். வலது தோளுக்குள் இப்போது ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருந்தன. இன்னொரு தடவை அதே தோளில் விழுந்தால் கை தலைக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அன்று வெள்ளி.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவரே தன்னைக் கேட்டுக்கொண்டு ஓய்ந்துவிட்டார். விடவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை. ஒன்பது வரிப் பட்டியல் எழுதுகிறவன் நிலைமை பொதுவாக இப்படித்தான் இருக்கும்.

பர்ஹானா கையைத் துடைத்தாள். பத்துச் சுற்று போய்விட்டு வரச் சொன்னாள்.

எதையும் மாற்றாமலா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

போனார். வந்தார். டயர் சரியில்லை என்றார்.

இன்னும் பத்துச் சுற்று என்றாள்.

போனார். வந்தார். மூன்றாம் வளைவில் தார் போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை என்றார்.

இன்னும் பத்து.

ஆகஸ்ட் வெயில். தோல் உடைக்குள் வியர்வை பூட்ஸ் வரைக்கும் இறங்கியிருந்தது. சென்னியப்பனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்றாவது முறை வந்து வண்டியை நிறுத்தியவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். பர்ஹானா காத்திருந்தாள்.

"பயமா இருக்கு அம்மிணி."

இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னதில்லை. மூன்றாம் வளைவு வருவதற்கு முன்பே தன் கை பிரேக்கைத் தேடுகிறது என்றும், ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் தடவைதான் விழப்போகிறோம் என்று தோன்றுகிறது என்றும் சொன்னார். சொல்லிவிட்டு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார்.

பர்ஹானா தேற்றவில்லை. உள்ளே போய்த் தன்னுடைய தோல் உடையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"சாவியக் குடுங்ணா."

அவளோடு வேலை செய்கிற பெனடிக்ட், ஐம்பத்தைந்து வயதுக்காரர், ஸ்டாப்வாட்சோடு சுவரோரம் போய் நின்றார். அங்கிருந்து மூன்றாம் வளைவு நன்றாகத் தெரியும்.

முதல் சுற்றில் மெதுவாகப் போனாள். இரண்டாவதில் சென்னியப்பனைவிட வேகமாகப் போனாள். மூன்றாவதில், அந்த வளைவுக்கு அவர் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் வந்து பிடித்தாள். வண்டி படிந்து, சாய்ந்து, வளைவைத் தாண்டிப் போனது. முன்சக்கரம் இம்மிகூட நடுங்கவில்லை.

"உங்க நேரத்தவிட நாலு செகண்டு குறைவு," என்றார் பெனடிக்ட். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியது.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக வண்டியைத் திட்டியிருக்கிறார், டயரைத் திட்டியிருக்கிறார், தார் போட்டவனையும் விடவில்லை. வண்டி பாவம், அது பாட்டுக்கு நல்லபடியாகத்தான் இருந்திருக்கிறது.

அவள் வந்து இறங்கியதும் சொன்னார், வண்டியை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடு, ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டவில்லை, கோளாறு என்னிடம்தான் என்று.

இந்த மாதிரிக் கதைகளில் குரு இந்த இடத்தில் புன்னகை செய்வார். கோளாறு வண்டியில் இல்லையப்பா என்பார், சீடன் காலில் விழுவான், கதை முடியும். பர்ஹானாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள். களைத்திருந்தாள். காலை ஐந்தரையிலிருந்து அவளும் அந்தத் தகரத்துக்கு அடியில்தான் இருந்தாள்.

"ஸ்பிரிங் வாங்கறப்ப உங்க எடை கேட்டிருப்பாங்களே," என்றாள். "என்ன சொன்னீங்க?"

ஓட்டுகிறவரின் கனத்துக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போட வேண்டும். வெறும் உடம்பின் கனம் போதாது. தோல் உடை, ஹெல்மெட், பூட்ஸ், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நின்றால் என்ன வருமோ அது. விற்கிறவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

"அறுபத்தெட்டு," என்றார் சென்னியப்பன்.

பர்ஹானா தன் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினாள். "இது, சூட்டு, பூட்ஸ் எல்லாம் சேத்து நான் அறுபத்தெட்டுங்ணா. ரெண்டு வருசமா எனக்கு வண்டி செஞ்சிருக்கீங்க. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க."

பெனடிக்ட் சிரித்தார். சென்னியப்பன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவர் பொய் சொல்ல நினைத்து அதைச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அவர் அறுபத்தெட்டுதான். அந்த வருடம் இதே பாதையில் முதலாவதாக வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஸ்பிரிங் வாங்கும்போது கொடுத்த தாளில் எடை என்று போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. கை தானாக எழுதியது. எழுதும்போது அது வேறொருவனுடைய எடை என்று அவருக்குத் தோன்றவில்லை.

பந்தயக்காரர்கள் விசித்திரமான ஆட்கள். எத்தனை எலும்பு உடைந்தது என்று கேட்டால் எக்ஸ்ரேயோடு வந்து உட்காருவார்கள். எடையைக் கேட்டால் மட்டும் காது கேட்காது.

இப்போது எவ்வளவு என்று கேட்டாள்.

"எழுவத்தஞ்சு இருக்கும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எம்பது."

பெனடிக்ட் கூரையைப் பார்த்தார்.

"தொண்ணூத்தி ரெண்டு," என்றார் சென்னியப்பன். "எல்லாம் போட்டுட்டு நின்னா தொண்ணூத்தி ரெண்டு."

"சரிங்ணா," என்றாள் பர்ஹானா. கேலி செய்யவில்லை. இருபத்து நாலு கிலோ அதிகமாக உட்கார்ந்து பிரேக் பிடித்தால் முன் ஃபோர்க் அடிவரை இறங்கிவிடும், அதற்குமேல் அமுங்க இடமில்லாமல் சக்கரம் நடுங்கத்தான் செய்யும் என்று சொன்னாள். பட்டியலில் உள்ள ஒன்பதையும் வாங்கிப் போட்டிருந்தாலும் விழுந்திருப்பார். தொண்ணூற்றிரண்டு தாங்குகிற ஸ்பிரிங் அவளிடமே இருக்கிறது, நாளைக்குள் மாட்டிவிடலாம், நாளை மத்தியானம் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன்பு ஒரு அளவு எடுக்க வேண்டும்.

அளவு எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டுவார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் பட்டை நகரும். டேப் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்னியப்பன் முழு உடையோடு ஏறி உட்கார்ந்தார். பெனடிக்ட் மண்டியிட்டு டேப்பை வைத்தார்.

"முப்பத்தஞ்சு மில்லி."

பர்ஹானா உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி பார்க்கச் சொன்னாள். மறுபடியும் முப்பத்தைந்து. அது அறுபத்தெட்டுக் கிலோ ஆளுக்கு வர வேண்டிய அளவு.

குனிந்து பார்த்தாள்.

சென்னியப்பனின் இரண்டு பூட்ஸும் தரையில் ஊன்றியிருந்தன. நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார். கால்வாசிக் கனத்தைத் தன் காலிலேயே தாங்கிக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் நடுங்கியது. தான் அப்படிச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

பர்ஹானா எழுந்து வண்டிக்கு முன்னால் போனாள். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கினாள். ஹேண்டிலின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டாள். இப்போது இருவர் முகமும் எதிரெதிரே இருந்தன.

"காலத் தூக்கி மேல வைங்ணா."

"வண்டி சாஞ்சுரும்."

"சாயாது."

"நான் ரொம்பக் கனம் அம்மிணி."

"தெரியும்ணா. முழுசா உக்காருங்க. நான் புடிச்சிருக்கேன்."

சென்னியப்பன் வலது காலை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது காலையும் எடுத்தார்.