தரை தொடாத கோடு

முன்னொரு காலத்தில் மூவுலகையும் ஒரே குடைக்கீழ் ஆண்ட மாமன்னர் ஒருவர் இருந்தார். மூவுலகு என்பது மூன்று ஏரியும் பதினொரு ஊரும். குடைக்குப் புதுத்துணி போட்டும் பல வருஷமாயிற்று.

பட்டம் சூடிய பன்னிரண்டாம் ஆண்டில், தம் பெருமையைச் சபைச் சுவரில் கோடாகத் தீட்டச் சொன்னார் மன்னர். வலப்பக்கமாக ஆண்டுக்கு ஒரு முழம் நீளும். ஆண்டு ஒன்று ஏறினால் பெருமையும் ஒரு முழம் ஏறும். சாய்த்து வைத்த ஏணிபோல் கோடு உச்சிக்குப் போயிற்று.

அரசவை விகடன் நள்ளாறன் சிரிக்காமல் நின்றான். அமைச்சர் மாறவரையர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். போன விருந்தில் தமக்கு முன்னால் அவனுக்கு வெற்றிலை நீட்டப்பட்டதை அவர் மறக்கவில்லை.

"பகை மன்னன் பெருமையையும் தீட்ட வேண்டும் பிரபு, தங்களுடையதற்குத் தலைகீழாக. தங்களுக்கு இரண்டு முழம் என்றால் அவனுக்கு ஒரு முழத்தில் இரண்டிலொரு பங்கு. மூன்று என்றால் மூன்றிலொரு பங்கு. இவ்வாண்டுக்குள் அவன் கோடு தரையைத் தொட வேண்டும். நள்ளாறன் தீட்டட்டும். கோடு விழாவிட்டால் அவன் தலை விழட்டும்" என்றார் மாறவரையர்.

மன்னருக்குப் பிடித்துப்போயிற்று. நள்ளாறன் இரவெல்லாம் கணக்குப் போட்டான். ஒரு முழத்தை எத்தனை கூறு போட்டாலும் கூறு என்று ஒன்று மிஞ்சத்தானே செய்யும்?

மறுநாள் காலை தீட்டினான். முதலாண்டில் இரு கோடுகளும் ஒரு முழத்தில் சந்தித்தன. அதற்கு முந்தைய அரையாண்டில் பகைவனுக்கு இரண்டு முழம், காலாண்டில் நான்கு. இன்னும் பின்னால் போனால் கோடு கூரையை இடித்தது. பட்டம் சூடிய அன்று மன்னரின் பெருமை பூஜ்யம். பூஜ்யத்துக்குத் தலைகீழ் கிடையாது. அந்த இடத்தை வெறுமனே விட்டான். அந்தச் சபையில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வலப்பக்கமோ கோடு சரிந்து சரிந்து, பன்னிரண்டாம் ஆண்டில் தரைக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நின்றது.

மாறவரையர் தரையில் படுத்து இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தொடவில்லை, பிரபு."

தலை வெட்டும் சேவகன் வாளை எடுத்தான். நள்ளாறன் கைகட்டிக்கொண்டு சொன்னான்:

"தொட வைக்க ஒரு நொடி போதும், பிரபு. ஆனால் தொட்டால் அது பூஜ்யம். எந்த எண்ணைத் தலைகீழாக்கினாலும் பூஜ்யம் வராது. அப்படியானால் மேலே இருக்கிற தங்கள் கோடு எந்தக் கணக்கிலும் சேராது, அழித்துவிட வேண்டியதுதான். தாங்கள் ஏற ஏற இது தரையை நெருங்கிக்கொண்டே போகும். அமைச்சர் ஐயா இன்றே தொடச் சொல்கிறார். தங்கள் ஏற்றம் இன்றோடு போதும் என்று நினைக்கிறார்போலும்."

மன்னர் திரும்பிப் பார்த்தார். மாறவரையர் காலில் விழுந்தார். தொடவே கூடாது, தொட்டால் தாமே நாக்கைப் பிடுங்கிக்கொள்வதாக மூன்று முறை சத்தியம் செய்தார்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். நள்ளாறனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

"இன்னும் நூறாண்டு ஆள்வேன். பகைவன் எவ்வளவு தாழ்கிறான் என்று பார்க்க வேண்டும். சுவரை நூறு முழம் நீட்டுங்கள்."

சுவர் நீள வேண்டிய கிழக்கில் அரண்மனை ஊழியர் தெரு இருந்தது. மறுநாளே இடிக்கத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வீடு நள்ளாறனுடையது.