வெள்ளத்தில் விடுபட்ட குழந்தை

விருதுநகர் புத்தகக் கண்காட்சியில் நாவலாசிரியர் வேதமூர்த்தியோடு கலந்துரையாடல். புது நாவல் எப்படிப் பிறந்தது, பிடித்த புத்தகம் எது என்று கலந்துரையாடலை நடத்திய பேராசிரியர் கேட்கக் கேட்க, அவர் முகம் சுளித்தார்.

"இதையெல்லாம் நூறு பேர் கேட்டாச்சு. யாரும் கேட்காத கேள்வி இருந்தா கேளுங்க. இல்லேன்னா நான் கிளம்பறேன்!"

கடைசி வரிசையில் செல்லக்கனி எழுந்தாள். அந்த நாவலின் தாள்களைத் தைத்துப் பைண்டிங் செய்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"நீ படிச்சியாம்மா?" என்று சிரித்தார் அவர்.

"தைக்கிறப்பவே படிச்சேங்கய்யா. மூணாம் அத்தியாயத்துல பொன்னுத்தாய்க்கு ஒரு பொண்ணு பொறந்துச்சே. ஏழாம் அத்தியாயத்துல வெள்ளம் வந்து ஊரே வெளியேறுது. அந்தப் புள்ளைய யாரு தூக்கிட்டுப் போனாங்க?"

வேதமூர்த்தி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். நானூறு பக்கத்தில், பிறந்த இடத்துக்குப் பிறகு எங்குமே குழந்தையைக் காணோம். புகழ்ந்து எழுதிய ஒருவரும் அதைத் தேடியிருக்கவில்லை.

"மறந்தே போயிட்டேம்மா," என்றார். "அப்போ அது வெள்ளத்தோட போயிருச்சா?"

"இல்லீங்கய்யா, நான் தூக்கிட்டு வந்துட்டேன். அதை விட்டுட்டு மேல தைக்க மனசு வரல. மூணு மாசமா என் நெனப்புலதான் வளருது. இப்பத் தவழுது."

வேதமூர்த்தி மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசைக்கு நடந்துவந்து, அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பேரு வச்சிருக்கீங்க, சொல்லுங்கம்மா," என்றார்.