கஞ்சி பட்ட பளிங்கு

ஓடை பாயும் ஒரு காட்டில் கரடி ஒன்று கஞ்சிக்கடை வைத்திருந்தது. வேட்டையாட முடியாத கிழங்களும், மேய்ச்சலுக்கு நடக்க முடியாத சினை மான்களும் அங்கேதான் பசியாறும்.

கடையில் பாத்திரம் கழுவும் மரத்தொட்டி உளுத்துப் புழு வைத்துவிட்டது. "மழைக்கு முன் நல்ல தொட்டி வை. இல்லாவிட்டால் கடையை மூடு" என்று சிங்கராஜா சொல்லிவிட்டார்.

தொட்டி செய்கிறவர்கள் இருவர்: நரி, முள்ளம்பன்றி. இருவருமே கல்லைப் பொடித்து, பிசினில் குழைத்து, அச்சில் வார்க்கிறவர்கள்தான். முள்ளம்பன்றி அதைச் சொல்லும். நரி சொல்லாது.

"அண்ணே, இது மலையில் வெட்டிய கல் இல்லை, வார்த்தது" என்றது முள்ளம்பன்றி. "ஆனால் மேலே இருப்பதுதான் அடிவரைக்கும். கீறல் விழுந்தால் மணல் போட்டுத் தேயுங்கள், போய்விடும். கொதிக்கிற பானையை மட்டும் வைக்கோல் பிரிமணை மேல் இறக்குங்கள்."

நரி சிரித்தது. "தொட்டிக்குப் பயந்துகொண்டா சமைப்பீர்கள், கரடியாரே? என்னுடையது பளிங்கு. முகம் பார்த்துத் தலை வாரலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள்."

கரடி மண்பானை வாங்கியே பழகியது. இரண்டையும் விரலால் சுண்டிப் பார்த்தது. முள்ளம்பன்றியின் தொட்டி 'தொப்' என்றது. நரியின் தொட்டி 'ணங்' என்றது.

"ஓசையிலேயே தெரிகிறதே" என்றது கரடி.

"சுண்டிப் பார்க்க இது என்ன பானையா? கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்" என்றது முள்ளம்பன்றி.

"உனக்குப் பொறாமை."

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு போய்விட்டது. கரடி நரியின் தொட்டியைப் பதித்தது.

சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மினுக்கம் போயிற்று. கொதிக்கிற கஞ்சியை வடிக்க வடிக்க, தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல் விட்டது. விரிசலில் கஞ்சி தங்கிப் புளித்து நாறியது. சிங்கராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு கடையை மூடச் சொன்னார். அன்று வந்த சினை மான் வெறும் வயிற்றோடு திரும்பியது.

கரடி தொட்டியைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு நரியின் கடைக்குப் போனது.

"கொதிக்கிற கஞ்சியை ஊற்றினீர்களா?" என்றது நரி. "தப்பு உங்களுடையது."

"ஊற்று என்று சொன்னதே நீதானே. பளிங்கு என்றாயே."

"பளிங்கு இருக்கிறதே, பொடியாக. பொடியா, பாறையா என்று நீங்கள் கேட்கவில்லையே."

கரடி தொட்டியைத் தரையில் ஓங்கிப் போட்டது. உடைந்த இடத்தில், நகக்கண் அளவு மினுக்குப் பூச்சுக்கு அடியில், எல்லாம் பொரபொரவென்று சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. அந்தத் துண்டுகளை எடுத்து, உட்பக்கம் வெளியே தெரியும்படி நரியின் கடைவாசலில் வரிசையாக அடுக்கியது. வாங்க வந்த குரங்கும் பன்றியும் குனிந்து பார்த்தன.

"மினுக்குகிற பக்கத்தைத் திருப்பி வையுங்கள்" என்று நரி கெஞ்சியது.

"அந்தப் பக்கத்தைக் காட்டத்தான் நீ இருக்கிறாயே" என்றது கரடி.

நீதி: பளபளப்பைக் காட்டி விற்பவனிடம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாங்காதே.