முப்பது அடிக்குள் புலி

தலையாட்டிபுரத்துக்காரர்கள் மகா புத்திசாலிகள். சந்தேகம் இருந்தால் தலையாட்டிபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள். ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மேலே குரங்கு, கீழே நிலக்கடலை. அந்த வருஷம் குரங்குகள் ஒவ்வொரு வயலாகக் கிளறித் தின்று தீர்த்ததில், தப்பிப் பிழைத்தது வீரபாகுவின் ஒரே ஒரு ஏக்கர்தான்.

வீரபாகுவுக்குக் கடலையைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவன் பெண்டாட்டி குருவம்மாள் காலையில் கஞ்சி ஊற்றும்போதே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள்.

"போன வருஷமும் குரங்குதான் தின்னுச்சு. அதுக்கு முந்துன வருஷமும் குரங்குதான் தின்னுச்சு. இந்தத் தடவையும் வீட்டுக்குக் கடலை வரலைன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீரும் குரங்குமா குடும்பம் நடத்தும்!"

வீரபாகுவுக்குப் பகீரென்றது. குருவம்மாள் என்றால் அவனுக்கு உயிர். கஞ்சியைக்கூட முழுசாகக் குடிக்காமல் உழவர் சங்கத்துக்கு ஓடினான்.

சங்கத்துக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. எந்தக் காரணத்தைக் கொண்டும் அது கட்டடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று தீர்மானம் போட்டு, மேஜையோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டியிருந்தார்கள். வாசலைப் பார்த்தபடி இருந்தால் அதற்கு ஆசை வந்துவிடும் என்று சுவர்ப் பக்கமாகத் திருப்பியும் வைத்திருந்தார்கள்.

தலைவர் சுடலைக்கண்ணு விஷயத்தைக் கேட்டுக் கண்ணை மூடி யோசித்தார். "குரங்கு புலிக்குப் பயப்படும்வே. டவுன்ல செய்யது பாய் கடையில வயர் இல்லாத ஸ்பீக்கர் விக்காரு. கம்ப்யூட்டர்ல புலிச் சத்தம் போட்டா அது உறுமும். ஸ்பீக்கரை உம்ம வயல்ல வச்சிருவோம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாளே ஸ்பீக்கர் வந்தது. சங்கத்தில் கம்ப்யூட்டரைத் தட்டத் தெரிந்தவர் செயலாளர் ஆவுடையப்பன் ஒருத்தர்தான். அவர் சுவருக்கும் மேஜைக்கும் நடுவே நாற்காலியைச் செருகி உட்கார்ந்தார். செய்யது பாய் போனில் வழி சொன்னார்.

"செட்டிங்ஸுக்குள்ள போங்க. புளூடூத்னு இருக்கும், ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டர் தானாத் தேடும். ஸ்பீக்கர் அதுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும், அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் அப்படியே செய்தார். 'சாதனங்களைத் தேடுகிறது' என்று திரையில் எழுத்து வந்தது. தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது.

"பாவம்வே, பக்கத்துலயே வச்சுக்கிட்டு இப்படித் தேடுதே" என்று வீரபாகுவுக்கு மனசு இளகியது. ஸ்பீக்கரைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினான்.

"இன்னும் தெரியலை" என்றார் ஆவுடையப்பன்.

"மொதல்ல இதுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு பாரும்" என்றார் சுடலைக்கண்ணு. அதைப் பற்றி வெகுநேரம் விவாதம் நடந்தது. மேலே இருக்கும் சின்ன ஓட்டைதான் கண் என்றார் ஒருவர். அது மூக்கு என்றார் இன்னொருவர். வீரபாகு எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரின் முகத்தைக் காட்டினான், விலாவைக் காட்டினான், கடைசியில் முதுகைத் திருப்பிக் காட்டினான். திருப்பும்போது அவன் கட்டைவிரல் அடியில் இருந்த ஒரு பொத்தானில் அழுந்தியதை யாரும் கவனிக்கவில்லை. நீல விளக்கு மினுக்கியது. ஸ்பீக்கரின் பெயர் திரையில் வந்துவிட்டது.

"பாத்தீரா, முதுகை வச்சே அடையாளம் கண்டுக்கிட்டுது!" என்று சுடலைக்கண்ணு மெச்சிக்கொண்டார்.

அடுத்த கணம் திரை ஒரு எண்ணைக் காட்டி, 'இந்த எண் இரண்டு சாதனங்களிலும் ஒன்றாக இருக்கிறதா?' என்று கேட்டது. ஸ்பீக்கரை எங்கே புரட்டிப் பார்த்தாலும் எண்ணே இல்லை.

"இல்லைன்னு அமுக்கவா?" என்றார் ஆவுடையப்பன்.

"அமுக்குனா காரியம் கெட்டுப்போகும்வே."

"அப்ப ஆமான்னு அமுக்கட்டா?"

"சங்கத்துல உக்காந்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லுதீரா?" என்று சுடலைக்கண்ணு சீறினார்.

வீரபாகுதான் வழி கண்டுபிடித்தான். ஒரு சாக்பீஸை எடுத்து, திரையில் இருந்த எண்ணை ஸ்பீக்கரின் நெற்றியில் அழகாக எழுதினான். சுடலைக்கண்ணு இரண்டையும் இரண்டு தரம் படித்து ஒப்பிட்டார். "இப்ப ஒண்ணாத்தான் இருக்கு. ஆமான்னு அமுக்கும்." இணைப்பு கிடைத்துவிட்டது. ஆவுடையப்பன் புலியைத் தட்டினார்.

ஸ்பீக்கர் உறுமிய உறுமலில் சங்கமே காலியாகிவிட்டது. எல்லாரும் மூச்சு வாங்கியபடி குளத்தங்கரையில் போய் நின்றார்கள்.

"புலி கம்ப்யூட்டருக்குள்ள இருக்குன்னு நமக்குத் தெரியுமே அண்ணாச்சி. பின்ன ஏன் ஓடுனோம்?" என்று கேட்டான் வீரபாகு.

"அதைத்தான் நானும் சந்தோசமா யோசிக்கேன். தெரிஞ்ச நாமளே இவ்வளவு தூரம் ஓடுனா, தெரியாத குரங்கு எவ்வளவு தூரம் ஓடும்!" என்றார் சுடலைக்கண்ணு.

வீரபாகுவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உறுமும் ஸ்பீக்கரைத் தலையில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்து நடந்தான். சங்கத்துப் புளியமரத்தைத் தாண்டியதும் புலி கப்பென்று வாயை மூடிக்கொண்டது. திரும்பி வந்தால் உறுமியது. மறுபடி போனால் ஊமையானது. பாய்க்குப் போன் போட்டார்கள்.

"அது முப்பது அடிக்குள்ளதான் வேலை செய்யும் அண்ணாச்சி. நடுவுல சுவர் இருந்தா அதுவும் தொடர்பை அறுத்துரும். ரெண்டையும் கிட்டத்துல வச்சுக்குங்க."

வயல் ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். கம்ப்யூட்டரோ தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டது.

"வயலை இங்கன கொண்டுவர முடியுமா?" என்றார் சுடலைக்கண்ணு.

"வரப்பு ஒத்துவராது" என்றார் ஆவுடையப்பன்.

வீரபாகுவின் மனக்கண்ணில் குருவம்மாள் பையில் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேதனையில்தான் அவனுக்கு அந்த யோசனை உதித்திருக்க வேண்டும். "அண்ணாச்சி, குரங்கை இங்க கூட்டிட்டு வந்துட்டா?"

எல்லாரும் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிய விஷயம் பாய்க்குத் தோன்றவில்லையே என்று வருத்தப்பட்டார்கள்.

குரங்கு சும்மா கூப்பிட்டால் வருமா? மறுநாள் விடியுமுன்னே ஊரே வயலில் இறங்கி வீரபாகுவின் கடலையைப் பிடுங்கியது. மலையடியில் தொடங்கிச் சங்க வாசல்வரை வழியெல்லாம் தூவிக்கொண்டே வந்து, மிச்சத்தைச் சங்கத்து முற்றத்தில் குவித்தது. ஸ்பீக்கரை வாசலில் வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து முப்பது அடிக்குக் கயிறு பிடித்துச் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். சுவர் குறுக்கே நிற்கக் கூடாதே என்று கதவு ஜன்னலை எல்லாம் கழற்றி ஓரமாகச் சாத்தினார்கள். குரங்குகள் குட்டிகளோடும் உறவு முறையோடும் வந்து பந்தியில் அமர்ந்தன.

"போடட்டுமா?" என்றார் ஆவுடையப்பன், விரலை நீட்டிக்கொண்டு.

"பொறும். ஒண்ணு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார் சுடலைக்கண்ணு.

வீரபாகு ஒரு கை கடலையை அள்ளி உள்ளே போட்டான். அது வந்தது, வேறொன்று வெளியே போனது. அதற்கு ஒரு கை போட்டான். இப்படியே கடைசிக் குரங்கு கோட்டுக்குள் கால் வைத்தபோது முற்றத்தில் ஒரு கடலைகூட மிச்சமில்லை. "இப்பப் போடும்!" என்று சுடலைக்கண்ணு கத்தினார். புலி உறுமியது. குரங்குகள் கண் மூடித் திறப்பதற்குள் மலை ஏறிவிட்டன.

கைதட்டல் அடங்குவதற்குள் வீரபாகு வீட்டுக்குப் பறந்தான். "ஏளா! நம்ம வயல்ல ஒரு குரங்குகூடக் கால் வைக்கலை!"

"கடலை எங்க?"

வீரபாகு நடந்ததை எல்லாம் விளக்கமாகச் சொன்னான். குருவம்மாள் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடையைக் கட்டினாள்.

அவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது? அவனுக்குப் பாய் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. சங்கத்துக்கு ஓடி, முப்பது அடி அளந்த கயிற்றை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அவள் நின்றால் நின்றான், நடந்தால் நடந்தான். அண்ணன் பூதலிங்கத்தின் வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் தெருவில் கயிற்றைப் பிடித்து அளந்து, எல்லைக்குள்ளேயே வெயிலில் நின்றுகொண்டான்.

மத்தியானம்வரை நின்றான். குருவம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இங்கேரும், கோவத்துலதான் வந்துட்டேன். வெயில்ல நிக்காதேயும். உள்ள வந்து சாப்பிடும்."

"எப்படிளா வருவேன்? நடுவுல சுவரு இருக்கே. தொடர்பு அறுந்துருமே!" என்று அழமாட்டாக் குறையாகச் சொன்னான் வீரபாகு.

அண்ணன் பூதலிங்கம் வெளியே வந்து சுவரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். தங்கைமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். "மாப்பிளை சொல்லுதது நியாயம்தான். ஒரு சுவராலே என் தங்கச்சி குடும்பம் பிரியக் கூடாது" என்று கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

சாயங்காலத்துக்குள் முன் சுவர் தரைமட்டமாகிவிட்டது. "இப்பத் தெரியுதாளா?" என்றான் வீரபாகு. குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டே, தெரிகிறது என்றாள். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சரிம்மா, மாப்பிளைக்குச் சோத்தைப் போடு" என்றார் பூதலிங்கம்.

"சோறு அடுப்படியில இருக்குண்ணே."

"அப்படியா?" என்று பூதலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிச் சுவரை இடிக்க ஆரம்பித்தார்.