யாழிசையை யாரோடு அனுப்புவது

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் பொய்யாகிவிடும். போன சித்திரையில், ஓசூரில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் இருந்தது.

அதற்கு மென்பொருள் எழுதியவர் தணிகாசலம். அவருக்குக் குரு ரெஜினா. குருவுக்குப் பத்து வயது குறைவு.

"மேடம், காலையிலேர்ந்து தேடறேன். தப்பு எங்கன்னே தெரியல."

"என்ன ஆச்சு சார்?"

"இன்னைக்குச் சேர்ந்த குழந்தைய யார் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தா, பக்கம் காலியா வருது. ஆனா ஒரு எரர்கூட இல்ல."

"நேத்து எரர் வந்துச்சே?"

"அதைத் தூக்கிட்டேன். குழந்தை பேரைப் போட்டா, பெற்றோர் யாருன்னு கேட்டு மறுத்துட்டே இருந்துச்சு. மாடல் ஃபைல்ல, குழந்தையைப் பெற்றோரோட கட்டி வைக்கிற அந்த ஃபாரின் கீயை எடுத்தேன். இப்ப குழந்தை அது பாட்டுக்குச் சேருது."

ரெஜினா திரையைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, தணிகாசலத்தோடு காப்பகத்துக்குக் கிளம்பினார்.

காப்பக வாசலில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் போயின. புதிதாகச் சேர்ந்த யாழிசை மட்டும் மிச்சம்.

பைக்கில் ஒருவன் வந்தான். "அக்கா அனுப்பினாங்க. நான் தாய்மாமன்."

ஆயா டேப்லெட் திரையைத் தட்டிப் பார்த்தார். காலி. "அனுப்பட்டுமா சார்?"

தணிகாசலம் குருவைப் பார்த்தார். "குழந்தை மாமான்னு ஓடுதே மேடம்."

"கொஞ்சம் முன்னாடி உங்ககிட்டயும்தான் ஓடி வந்தா. கையில பிஸ்கட் வச்சிருந்தீங்க."

தணிகாசலம் கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றார். "அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பறேன் தம்பி."

"அக்கா கம்பெனிக்குள்ள இருக்கு. போனை கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க."

"அப்போ அவங்க வரட்டும்."

"என்னைப் பார்த்தா புள்ள புடிக்கிறவன் மாதிரியா இருக்கு?"

"தெரியாது தம்பி."

"தெரியாதவரு எதுக்கு சார் குறுக்க நிக்கறீங்க?"

"தெரியாததாலதான்."

தணிகாசலம் கேட்டை விட்டு நகரவில்லை.

இருட்டும் நேரத்தில் ஷிஃப்ட் பஸ் வந்தது. யாழிசையின் அம்மா இறங்கி ஓடிவந்தாள்.

"அக்கா, நான் உன் தம்பின்னு இவருகிட்ட சொல்லு. அடுத்து ஆதார் கேப்பாரு போல."

"என் தம்பிதான் சார்."

தணிகாசலம் படியிலேயே லேப்டாப்பைத் திறந்தார். எடுத்த ஃபாரின் கீயைத் திரும்ப எழுதினார். திரை மறுத்தது: ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இல்லை.

"தூக்கிடலாமா சார்?" என்றார் ரெஜினா.

"அது நிக்கட்டும் மேடம்."

அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "உங்க பேர் சொல்லுங்கம்மா."

சொன்னாள். தம்பியின் பேரையும் சொன்னாள். திரை ஏற்றுக்கொண்டது.

தாய்மாமன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டான். மூவரும் போனார்கள். ரெஜினாவும் கிளம்பினார்.

ஆயா கேட்டைப் பூட்டும்வரை நின்றுவிட்டு, தணிகாசலம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.